ஆபத்தான வீட்டை நகராட்சி இடித்தால், செலவு யார் தலையில்?

தெருமுனை:
எங்கள் தெருவில் பதினைந்து வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஓட்டு வீடு, போன மழையில் பக்கச் சுவர் சரிந்தது. மிச்சத்தை நகராட்சியே இடித்துவிட்டு, செலவைச் சொத்துவரி பாக்கிபோல வசூலிப்போம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. மின்கம்பத்தில்! வாசல்தான் இல்லையே. பங்காளிகள் ஏழு பேர், பாகப்பிரிவினை வழக்கு வேறு. யார் கட்டுவார்கள்? மூன்று மாதத்தில் பணம் வராவிட்டால் மனையை ஏலம் விட வேண்டும் என்பது என் கட்சி. ஊரார் வரிப்பணத்தில் ஒருத்தர் வீட்டை ஏன் இடிக்க வேண்டும்?

டெட்ராய்ட்வாசி:
ஏலம் விடலாம் சார், வாங்க ஆள் வேண்டுமே. நான் இருப்பது அமெரிக்காவின் டெட்ராய்ட். 1950-இல் இந்த ஊரில் 18.5 லட்சம் பேர். 2020 கணக்கெடுப்பில் 6.39 லட்சம். காலி வீடுகள் பல்லாயிரக்கணக்கில். இங்கேயும் உரிமையாளருக்குப் பில் அனுப்பலாம், சொத்தின் மேல் கடனாக ஏற்றலாம். ஆனால் அவர் ஊரை விட்டே போயிருப்பார். வரி கட்டாத வீட்டை வேன் கவுன்டி (நம்ம மாவட்ட நிர்வாகம் மாதிரி) பறிமுதல் செய்து ஏலம் விடும். கடைசிச் சுற்றில் 500 டாலருக்குக்கூடக் கேட்ட காலம் உண்டு. ஒரு வீட்டை இடிக்கப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. எங்கே வசூலாகும்?

2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வீட்டுக்கடன் கட்ட முடியாதவர்களைக் காப்பாற்ற மத்திய அரசு ஒதுக்கிய நிதியில் ஒரு பகுதியை இடிப்புக்குத் திருப்பினார்கள். அதுவும் போதவில்லை. 2020 நவம்பரில் 25 கோடி டாலருக்குக் கடன்பத்திரம் விட மக்களே ஓட்டுப் போட்டார்கள். அதை அடைப்பது அதே ஊராரின் சொத்துவரிதான்.

தெருமுனை:
அங்கே மண்ணுக்கு விலை இல்லை. இங்கே முக்கால் சென்ட் இடத்துக்கு அண்ணன் தம்பி வெட்டிக்கொள்கிறார்கள். நொய்டா இரட்டைக் கோபுரத்தைப் பாருங்கள். கட்டிய கம்பெனியே தன் செலவில் இடிக்க வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2022 ஆகஸ்ட் 28-இல் தரைமட்டம். கண்டிப்பு இருந்தால் பணம் தானாக வரும்.

ஓய்வுபெற்ற ஓவர்சீயர்:
தம்பி, அது விதிமீறல் கட்டடம், ஆபத்தான கட்டடம் இல்லை. பணம் கேட்க எதிரே ஒரு கம்பெனியாவது இருந்தது. அதன்மேலும் இடிப்புக்கு ஐந்து மாதம் முன்பே திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டது. இன்னொன்று, அந்தச் செலவில் நல்ல பங்கு பழைய இரும்பு விற்று வரும் என்றுதான் கணக்குப் போட்டார்கள். இதை யாரும் பேசுவதில்லை.

நம்ம ஊரில் பழைய வீடு இடிக்கிறவர் பல நேரம் வீட்டுக்காரருக்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் கடப்பாரையை எடுப்பார். தேக்குத் தூண், நிலை, கதவு, உத்திரம், இரும்பு கர்டர், ஏன், நல்ல ஓடு, செங்கல்கூட விலை போகும். அதைக் கழிக்காமல் முழுச் செலவையும் பில் போடுவது எந்த ஊர் நியாயம்?

மாதுங்கா மணி:
எங்கள் மும்பைக் கதையையும் கேளுங்கள். வாடகைச் சட்டத்தால் பழைய கட்டடங்களில் வாடகை பல்லாண்டு உறைந்து கிடந்தது. உரிமையாளர் எதை வைத்துப் பழுது பார்ப்பார்? அதனால்தான் 1969-இல் தனிச் சட்டம் போட்டு, பழைய கட்டடங்களிடம் செஸ் என்ற தனி வரி வாங்கி, வாரியம் ஒன்று பழுது பார்க்க ஏற்பாடு செய்தார்கள். விழுவதற்கு முன்பே எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக.

தெருமுனை:
செஸ் வாங்கியும் மழைக்கு மழை அங்கே கட்டடம் விழுகிறதே!

மாதுங்கா மணி:
விழுகிறதுதான். செஸ்ஸில் வரும் காசு பூச்சு வேலைக்குத்தான் காணும். ஆனால் ஏழு பங்காளிகளைத் தேடி யாரும் அலைவதில்லை.

ஓய்வுபெற்ற ஓவர்சீயர்:
தெருமுனை தம்பி, ஒன்று கேட்கிறேன். அந்த வீட்டு மரம் எங்கே போனது?

தெருமுனை:
முற்றத்தில் எட்டுத் தேக்குத் தூண் இருந்தது சார். லாரியில் ஏற்றியதைப் பார்த்தேன். நோட்டீஸை இப்போதுதான் மறுபடி படித்தேன். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏலம் விட வேண்டும் என்றதில் மாற்றமில்லை. ஆனால் திங்கள்கிழமை போய்த் தூண் கணக்கை முதலில் கேட்கிறேன்.