கப்பல்ல ஃபயர் டோர கட்டி வைக்கலாமா?

பாலக்கோடு பையன்:
அண்ணா நான் தர்மபுரி பக்கம், அடுத்த மாசம் டிரெய்னியா கப்பல் ஏறப்போறேன். ஃபயர் டோர் வெயிட்டா இருக்கும், போக வர தொந்தரவுன்னு கயிறு போட்டு தொறந்தே வைப்பாங்கன்னு ஒரு சீனியர் சொன்னாரு, அது சரியா?

கிருஷ்ணகிரி மோட்டார்மேன்:
கட்டவே கட்டாத தம்பி. ஏ-60 கதவுன்னா ஒரு மணி நேரம் தீயையும் புகையையும் தடுக்கணும், அந்தப்பக்கம் எரிஞ்சாலும் இந்தப்பக்கம் சூடு முன்ன இருந்தத விட சராசரியா 140 டிகிரி செல்சியசுக்கு மேல கூடக்கூடாது, அதெல்லாம் மூடியிருந்தாதான் நடக்கும். கொக்கி போட்டு நிறுத்தறத சோலாஸ்ங்கற சர்வதேச கப்பல் பாதுகாப்பு விதியே ஒத்துக்கல. கதவு தானா மூடலன்னா அத இழுத்து மூடற க்ளோசர் போயிருக்கும், உடனே ஆபிசர்கிட்ட சொல்லு. பவர்ல ஓடுற வாட்டர்டைட் டோர், அதாவது தண்ணி புகாம தடுக்கற கதவு, வேற, ஆளையே நசுக்கிடும், முழுசா தொறக்காம நுழையாத.

ஓசூர் ஃபிட்டர்:
கார்பன் டை ஆக்சைடு எக்ஸ்டிங்விஷர் அடிக்கறப்ப ஹார்ன வெறுங்கையால புடிக்காத, குளிர்ல தோலே புண்ணாயிடும். சின்ன ரூம்ல அடிச்சா மூச்சு முட்டும், அடிச்சதும் வெளிய வந்து கதவ சாத்து. எஞ்சின் ரூம்ல தீயணைக்க கேஸ் விடற அலாரம் கேட்டா எதையும் எடுக்க நிக்காத, ஓடிடு. ஈஈபிடிங்கற அவசர மூச்சுக் கருவி தப்பிச்சு வரதுக்கு மட்டும்தான், அத மாட்டிகிட்டு தீயணைக்க போகாத, ப்ளீஸ்.

பாலக்கோடு பையன்:
ரொம்ப நன்றிண்ணா. கதவுக்கு பின்னாடி தீ இருக்குதான்னு எப்படி பாக்கறது?

கிருஷ்ணகிரி மோட்டார்மேன்:
புறங்கையால தொட்டுப் பாரு, சூடா இருந்தா தொறக்காத.