எங்க ஊர் வாணக்காரர் குடும்பம்: பார்த்தவங்க, பழகினவங்க சொல்லுங்க

திருப்பாதிரிப்புலியூர்:

கடலூர்ல கெடிலம் ஆத்தங்கரையில மூணு தலைமுறையா வாணம், அதாவது திருவிழா வாணவேடிக்கை, கட்டின குடும்பம் ஒண்ணு இருந்தது. யாரும் அவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. தாத்தா ‘வாணக்காரர்’, மகன் ‘சின்ன வாணக்காரர்’, அவ்வளவுதான். அவங்க தொழிலைப் பத்தி ஒரு வரிகூட யாரும் எழுதி வைக்கல. அதான் கேட்கிறேன். முதல்ல நான் பார்த்ததைச் சொல்றேன்.

1994 ஆடி மாசம், எங்க தெரு மாரியம்மன் செடல் திருவிழா. வாணம் விடறது ஆத்து மணல்ல. எனக்கு அப்ப 12 வயசு. மணல்ல பாதி புதைச்ச குழாய்ங்களுக்கு நடுவுல தாத்தா நடந்துகிட்டிருந்தார். இடுப்புல பருத்தி வேட்டி, கறுப்புக் கயிறு. பொட்டு இரும்பு, வெள்ளி உடம்புல கிடையாது. வாணம் மேல போய்ப் பூத்தா கூட்டம் அண்ணாந்து கத்தும். அவர் வாய் மட்டும் எண்ணிக்கிட்டே இருக்கும்: எத்தனை வச்சோம், எத்தனை கிளம்புச்சு. அன்னிக்கு ஒண்ணு குறைஞ்சது.

சாமி வீதியுலா கிளம்பிடுச்சு. பெரியவங்க ரெண்டு தடவை ஆள் அனுப்பிக் கூப்பிட்டாங்க, அவர் நகரல. மணல்ல ஊத்து தோண்டி, கிளம்பாத குழாயில குடம் குடமா தண்ணி ஊத்திட்டு, விடியறவரைக்கும் பக்கத்துலயே காவல் உட்கார்ந்தார். காலையில மணல்ல விளையாடப் போன எங்களைக் கம்பெடுத்து விரட்டினதும் அவர்தான். அப்ப எனக்கு அவர்மேல அவ்வளவு கோவம். இன்னிக்கு எனக்கும் ஒரு பையன் இருக்கான். அந்தக் கம்பை நினைச்சா கண்ணு கலங்குது.

“கடக்காத்து வெடிமருந்துக்குப் பகை”ன்னு அடிக்கடி சொல்வார். சிவகாசி வறண்ட பூமி. 1922ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துகிட்டு வந்தாங்க, அதுக்குப் பின்னால பட்டாசும் அங்கேயே வளர்ந்துச்சு. மழை கம்மிங்கறதால எதைப் போட்டாலும் காயும். நமக்கு ஐப்பசி பொறந்தா அடைமழை. அதனால இந்த வீட்டுல தாள் குழாய், திரி எல்லாத்தையும் பங்குனி, சித்திரை வெயில்லயே காய வச்சு எடுத்துடுவாங்க. பஜார்ல அணில் மார்க், சேவல் மார்க் பெட்டி வந்து குவிஞ்ச பிறகும் செடலுக்கும் தேருக்கும் எங்க பக்கம் இவங்க வாணம்தான்.

வில்லியனூர்:

தானே புயல் கரையேறினது 2011 டிசம்பர் 30. அடுத்த வாரம் கடலூர்ல அக்கா வீட்டைப் பார்க்க வந்தப்ப அவங்க கொட்டாயையும் பார்த்தேன். கூரை போயிடுச்சு, தாள் எல்லாம் கூழ். சின்ன வாணக்காரர் அழல. நனைஞ்ச மருந்தை யாரும் தொடக்கூடாதுன்னு வாசல்ல கயிறு கட்டிகிட்டிருந்தார்.

அரியாங்குப்பம்:

2005ன்னு நினைக்கிறேன். எங்க ஆயா கல்யாணச் சாவு. ஊர்வலத்துக்கு நாட்டு வெடி வேணும்னு மாமாவும் நானும் டிவிஎஸ் வண்டியில கடலூர் போனோம். சின்ன வாணக்காரர் வண்டியைப் பார்த்தார். “இதுலயா தம்பி எடுத்துட்டுப் போறீங்க? வெயிலு, குலுங்கும், ஒண்ணோட ஒண்ணு உரசும். தர மாட்டேன்.” மாமா ரெண்டு மடங்கு பணம் நீட்டினார். அவர் வாங்கல. மாமா அவரைத் திட்டிட்டு வந்துட்டார். ஆயா வெடியில்லாமதான் போனாங்க.

2021 தீபாவளி அன்னிக்கு, நவம்பர் 4, கோட்டக்குப்பத்துல ஸ்கூட்டர்ல நாட்டு வெடி மூட்டையோட போன அப்பாவும் 7 வயசுப் பையனும் வெடிச்சுச் செத்தாங்க. நாங்க அந்த வெடியை வாங்கியிருந்தா போயிருப்போம்ல, அதே மாதிரி. மாமா அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. “அந்த ஆளைத் திட்டிட்டேன்டா”ன்னு மட்டும் சொன்னார்.

கடலூர் முதுநகர், ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியன்:

அந்த வீட்டுப் பேரன் என் மாணவன். செய்முறை வகுப்பில் சுடர் சோதனை, உப்பைத் தீயில் காட்டி நிறம் பார்ப்பது. நான் உப்பின் பெயரைச் சொல்லும் முன்பே, பச்சைச் சுடரைப் பார்த்து, “சார், இது தாத்தாவோட தென்னங்குருத்து” என்றான். பேரியம். ஸ்ட்ரான்ஷியத்தின் சிவப்புக்கு ‘செம்பருத்தி’ என்று அவர்கள் வீட்டுப் பெயர். நீலத்துக்கு மட்டும் பெயர் இல்லையாம். தாமிர உப்பில் நல்ல நீலம் எடுப்பது வாணத்தொழிலிலேயே கடினம். சூடு கொஞ்சம் கூடினாலும் வெளுத்துவிடும். “தாத்தாவுக்கு அது சரியா வந்ததே இல்ல சார்” என்றான். என் 31 வருட வகுப்புகளில் நான் மறக்காத மணி நேரம் அது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியத்துக்குத் தடை விதித்த செய்தியைப் படித்ததும் எனக்கு அந்தத் தென்னங்குருத்துதான் நினைவுக்கு வந்தது. தடை சரியானதுதான். ஆனாலும் மனம் கனத்தது.

அவன் அப்பா தொழிலை விட்டது 2020இல். கலெக்டர் தருகிற லைசென்சில் ஒரு நேரத்தில் 15 கிலோ மருந்துக்கு மேல் வைக்க முடியாது. அதற்குள் ஒரு பெரிய தேருக்கு வாணம் கட்டிக் கட்டுப்படியாகாது. அந்த செப்டம்பரில் காட்டுமன்னார்கோயில் பக்கம் குருங்குடியில் வெடி விபத்தில் பெண்கள் இறந்தார்கள். மறுநாள் அவர் உலக்கையையும் சல்லடையையும் ஆற்றில் விட்டுவிட்டு வந்தார் என்று பேரன் சொன்னான்.

இப்போது பேரன் தீபாவளிக்கு மட்டும் உரிமம் வாங்கிச் சிவகாசிச் சரக்கு விற்கிறான். போன வருடம் பேத்திக்காக அவன் கடையில் பசுமைப் பட்டாசு வாங்கினேன். பையைக் கையில் கொடுத்துவிட்டு, “கொளுத்தறப்ப எண்ணிக்கிட்டே வாங்க சார். வெடிக்காதது எத்தனைன்னு தெரியணும்” என்றான்.