வெள்ளை முனையில் வெள்ளையைத் தேடிய கதை

கிரேக்கத்தில் லெஃப்கடா தீவுக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் போர்ட்டோ கட்சிகி கடற்கரைப் படத்தைப் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கும் தெற்கே, சாலையே முடிந்துபோகிற முனை வரை நான் போனேன்.

என்னிடம் இருந்த பழைய வரைபடத்தில் அதன் பெயர் டூகாட்டோ, போனில் லெஃப்கட்டாஸ். இரண்டு இடம் போலிருக்கிறது என்று நினைத்து, அத்தானி கிராமத்தில் தேன் விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் இரண்டையும் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரே விரலை நீட்டி ஒரே திசையைக் காட்டினார்.

கிரேக்க மொழியில் லெஃப்கோஸ் என்றால் வெள்ளை. ரத்தப் புற்றுநோயை லுக்கேமியா என்கிறோமே, அதுவும் இதே வேர்தான். சரி, வெள்ளைப் பாறையைப் பார்ப்போம் என்று போனால், 1890 முதல் எரியும் கலங்கரை விளக்கம், ஆளைத் தள்ளும் காற்று, முள்ளுப் புதர், அவ்வளவுதான். பழைய கிரேக்கக் கடவுள் அப்பல்லோவின் கோயில் இருந்த இடத்தில்தான் அந்த விளக்கைக் கட்டினார்களாம். வெள்ளையை மட்டும் காணோம்.

மறுநாள் அதே தீவில் உள்ள வாசிலிக்கி என்ற ஊரிலிருந்து படகில் அதே முனையைச் சுற்றிப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. சுண்ணாம்புப் பாறை சுவர் மாதிரி நேராகக் கடலுக்குள் இறங்குகிறது, வெயிலில் கண் கூசுகிறது. நேற்று நான் அதன் தலைமேல் நின்றுகொண்டு அதைத் தேடியிருக்கிறேன்! பெயர் வைத்தவன் நிச்சயம் கடலில் வந்தவன். தீவுக்கே இந்தப் பாறையிலிருந்துதான் பெயர் வந்திருக்க வேண்டும் என்று பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோவும் எழுதியிருக்கிறார்.

பண்டைய கிரேக்கக் கவிஞர் சாப்போ காதல் தோல்வியில் இங்கிருந்து குதித்தாள் என்ற கதையைப் போகிற இடமெல்லாம் சொல்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஸ்ட்ராபோ சொல்லும் இன்னொன்றுதான் மனதில் நின்றுவிட்டது: ஆண்டுதோறும் அப்பல்லோவுக்குப் பலியாக ஒரு குற்றவாளியை இங்கிருந்து தள்ளுவார்களாம், ஆனால் விழும் வேகம் குறையட்டும் என்று உடம்பில் இறகுகளும் உயிருள்ள பறவைகளும் கட்டி, கீழே சின்னச் சின்னப் படகுகளில் ஆட்கள் வட்டமாகக் காத்திருந்து, முடிந்தவரை பிழைக்கவைத்து எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம். கொல்லவும் வேண்டும், பிழைக்கவும் வேண்டும், என்ன கணக்கோ!

அப்புறம், வாசிலிக்கியில் படகு ஏறுபவர்கள் வலது பக்கம் இடம் பிடியுங்கள். நான் இடது பக்கம் உட்கார்ந்து, பாதிப் படத்தில் அடுத்தவர் தொப்பிதான் இருக்கிறது.