பவர் போய் விழுந்த பழைய மெயின்ஃப்ரேமை எழுப்ப வேண்டும், கோல்டு ஸ்டார்ட் கொடுக்கலாமா?

தாம்பரம்_நைட்ஷிப்ட்:

வணக்கம். கொஞ்சம் அவசரம், நேராக விஷயத்துக்கு வருகிறேன். சென்னையிலிருந்து ஒரு ஐரோப்பிய இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு சப்போர்ட் பார்க்கிறோம். புது வேலை எல்லாம் வேறு சிஸ்டத்துக்குப் போய்விட்டது, ஆனால் பழைய பாலிசி விவரங்கள் இன்னும் ஒரு ஐபிஎம் 9672 ஜி5 மெயின்ஃப்ரேமில், ஓஎஸ்/390 2.10 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் இருக்கின்றன. 3990 என்ற டிஸ்க் கன்ட்ரோலருக்குப் பின்னால் 3390 டிஸ்க்குகள், கன்சோல் (கட்டளைத் திரை) 3174 என்ற டெர்மினல் கன்ட்ரோலர் வழியாக. மியூசியம்தான், தெரியும், சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

நேற்று இரவு அங்கே கரண்ட் போனது. யூபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கியது, ஜெனரேட்டர் எடுக்கவே இல்லை, பேட்டரி தீர்ந்ததும் எல்லாம் ஒரே அடியாக விழுந்துவிட்டது. முறையாக ஷட்டவுன் எதுவும் நடக்கவில்லை. டிபி2 (டேட்டாபேஸ்), சிஐசிஎஸ் (டிரான்ஸாக்ஷன்களை நடத்தும் சாஃப்ட்வேர்) இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன, ஒரு பேட்ச் ஜாப்பும் நடுவழியில். இப்போது கரண்ட் வந்துவிட்டது, ஆனால் எதையும் தொட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மெஷின் ரூமில் இருப்பவர் கட்டடப் பராமரிப்பு பார்க்கிறவர், நல்ல மனிதர், போனில் சொன்னதைச் செய்வார், ஆனால் எது எந்தப் பெட்டி என்றே அவருக்குத் தெரியாது. இந்த மெஷினுக்குக் கடைசியாக ஐபிஎல் (பூட்) கொடுத்தவர்கள் எல்லாரும் ரிட்டயர் ஆகிவிட்டார்கள்.

எதை முதலில் ஆன் செய்வது? லோட் அட்ரஸ் (எந்த டிஸ்க்கிலிருந்து ஐபிஎல்), லோட் பாராமீட்டர் (அதற்கான குறியீடு) யாருக்கும் நினைவில்லை, எங்கே கிடைக்கும்? அப்புறம் எங்கள் லீடு "கேட்கிற இடத்தில் எல்லாம் கோல்டு ஸ்டார்ட் கொடுத்துவிடு, சுத்தமாக எழுந்துவிடும்" என்கிறார். பழைய நிலையைப் பார்க்காமல் புதிதாகத் தொடங்குவதுதான் கோல்டு ஸ்டார்ட். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

பழைய_ஆபரேட்டர்:

தம்பி, உங்கள் லீடு மூன்று வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார். எம்விஎஸ் (ஓஎஸ்/390-இன் அடிப்படை) அளவில் கோல்டு ஸ்டார்ட் என்றால் சிஎல்பிஏ என்ற ஆப்ஷன் கொடுத்து எல்பிஏ என்ற பொது புரோகிராம் பகுதியைப் புதிதாக ஏற்றுவது, அவ்வளவுதான், அதில் யாருடைய டேட்டாவும் போகாது, நிறைய இடங்களில் ஒவ்வொரு ஐபிஎல்லுக்கும் அதைத்தான் கொடுப்பார்கள். ஆனால் ஜாப்களை நிர்வகிக்கும் ஜெஸ்2 வந்து ஹாஸ்ப்426 மெசேஜ் போட்டு ஆப்ஷன் கேட்கும்போது அதே நினைப்பில் "கோல்டு" என்று பதில் அடித்தால் ஸ்பூலில் (ஜெஸ்2-வின் வரிசைக் கிடங்கில்) இருக்கும் ஜாப், பிரிண்ட் ஆகாமல் கிடக்கும் அவுட்புட் எல்லாம் காலி. வீட்டைப் பெருக்கச் சொன்னால் சாமான்களையும் சேர்த்துத் தெருவில் வீசுவது மாதிரி. அங்கே பதில் "வார்ம், நோரெக்" என்பதுதான். அதாவது இருப்பதை வைத்தபடி, தனி உத்தரவுக்குக் காத்திராமல் தொடங்கு. நடுவில் நின்ற அந்த பேட்ச் ஜாப்பையும் ஜெஸ்2 கண்டுபிடித்து, ஜாப் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அதற்கேற்ப மறுபடி கியூவில் போடும் அல்லது நிறுத்தி வைக்கும்.

சிஐசிஎஸ்-ஐப் பொறுத்தவரை எதுவும் செய்யாமல் இருப்பதுதான் நல்லது. ஸ்டார்ட் பாராமீட்டர் ஆட்டோ என்று இருந்தால் அது தன் கேட்டலாகைப் பார்த்து, போன தடவை ஒழுங்காக இறங்கவில்லை என்று தெரிந்துகொண்டு தானாகவே எமர்ஜென்சி ரீஸ்டார்ட்டுக்குப் போகும், பாதியில் நின்ற டிரான்ஸாக்ஷன்களை லாக் (மாற்றங்களின் பதிவு) பார்த்துப் பின்னுக்கு எடுக்கும். நீங்கள் கோல்டு கொடுத்தால் அந்தப் பின்னுக்கு எடுக்கும் வேலை நடக்காது, விஎஸ்ஏஎம் என்ற வகை ஃபைலில் பாதி அப்டேட் அப்படியே உட்கார்ந்திருக்கும், அதை யாராவது ஒரு வாடிக்கையாளர் போன் செய்த பிறகுதான் கண்டுபிடிப்பீர்கள்.

லோட் பாராமீட்டருக்கு எச்எம்சி-யை (மெஷினை இயக்கும் தனிக் கணினியை) ஆன் செய்து அந்த இமேஜின் (ஓடும் சிஸ்டத்தின்) ஆக்டிவேஷன் புரொஃபைலைப் பாருங்கள், லோட் திரையிலும் கடைசியாகக் கொடுத்த மதிப்புகள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். எட்டு எழுத்து: முதல் நான்கு ஐஓடிஎஃப் (கருவிகளின் அமைப்பு ஃபைல்) இருக்கும் டிஸ்க்கின் எண், அடுத்த இரண்டு லோட் மெம்பர் என்ற அமைப்புக் குறிப்பின் பின்னொட்டு, கடைசி எழுத்து நியூக்ளியஸ் (சிஸ்டத்தின் மையக்கரு). ஏழாவது எழுத்தை மட்டும் "எம்" என்று மாற்றிக்கொள்ளுங்கள், அப்போது ஐபிஎல் நடக்கும்போது தகவல் மெசேஜ் எல்லாம் திரையில் வரும், இல்லையென்றால் இருட்டில் நடக்கிற கதைதான். முதலில் திரையைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், பிறகு மாற்றுங்கள்.

அப்புறம் கடிகாரம். இதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். சிஸ்பிளெக்ஸ் டைமர் (வெளிக் கடிகாரம்) இல்லாத மெஷின் என்றால் பவர்-ஆன் ரீசெட் ஆகும்போது சப்போர்ட் எலிமென்ட்டின் (மெஷினோடு வரும் கட்டுப்பாட்டு லேப்டாப்பின்) கடிகாரத்திலிருந்துதான் நேரம் எடுக்கும். அந்தப் பழைய திங்க்பேடின் பேட்டரி செத்திருந்தால் என்ன தேதி வரும் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். தேதி எதிர்காலத்துக்குப் போய்விட்டால் காலாவதி தேதி வைத்த டேட்டாசெட்டை (ஃபைலை) எல்லாம் டிஸ்க் இடத்தை நிர்வகிக்கும் எச்எஸ்எம் அழிக்கக் கிளம்பும், டேப் எல்லாம் ஸ்க்ராட்ச் (மேலெழுதத் தயார்) ஆகும், பாதுகாப்பு பார்க்கும் ரேக்எஃப் "இவ்வளவு நாள் உள்ளே வரவே இல்லையா" என்று உங்கள் ஐடியையே ரிவோக் செய்துவிடும். அதனால் ஐபிஎல்லுக்கு முன் சப்போர்ட் எலிமென்ட்டில் நேரம் பாருங்கள், ஐஇஏ888ஏ என்று நேரம் கேட்டு மெசேஜ் வந்தால் யூ (சரி) என்று அடித்துத் தள்ளிவிடாமல் தேதி, வருடம், ஜிஎம்டி, லோக்கல் நான்கையும் படித்துவிட்டு பதில் கொடுங்கள்.

அவசரமே இல்லை. நாளைக்கு எழுப்பினாலும் ஒன்றும் குடி முழுகாது.

இரும்பு_வைத்தியர்:

பழைய_ஆபரேட்டர் சாஃப்ட்வேர் பக்கம் சொன்னது எல்லாம் சரி, ஆனால் "அவசரமில்லை" என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சிபியூ பெட்டி எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும். 3990 அப்படி இல்லை. அதில் ஃபாஸ்ட் ரைட் ஆன் ஆகியிருந்தால், எழுதி முடித்துவிட்டேன் என்று சிஸ்டத்துக்குச் சொல்லிவிட்டு இன்னும் டிஸ்க்குக்குப் போகாத டேட்டா என்விஎஸ் என்ற நினைவகத்தில் பேட்டரி தயவில் உட்கார்ந்திருக்கும். அந்த பேட்டரிக்கு 48 மணி நேரம் வரை என்பது கணக்கு, அதுவும் பேட்டரி நன்றாக இருந்தால். உங்கள் மெஷின் வயதுக்கு அந்த பேட்டரியை யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள்? ஆக, டிஸ்க் பக்கத்துக்கு இன்றைக்கே கரண்ட் கொடுங்கள், அது உள்ளே இருப்பதை டிஸ்க்குக்கு இறக்கட்டும், சிபியூவையும் ஐபிஎல்லையும் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

வரிசை இப்படி. முதலில் ஏசி, ரூம் குளிர்ந்த பிறகுதான் மற்றது. எல்லாப் பெட்டியின் சுவிட்சும் இப்போது ஆஃப் நிலையில் இருக்கிறதா என்று அந்தப் பராமரிப்புக்காரரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பிரேக்கரைத் தூக்கியதும் எல்லாம் ஒன்றாக இழுத்தால் மறுபடி டிரிப் ஆகும். பிறகு எஸ்கான் டைரக்டர் (கேபிள் பாதைகளை இணைக்கும் சுவிட்ச்) இருந்தால் அது, அடுத்து 3990, 3390 ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு, டேப், 3174, கடைசியாகத்தான் 9672. கன்ட்ரோலர் எழுவதற்கு முன் சிபியூவை எழுப்பினால் அது பாதை பாதையாகத் தேடிப் பார்த்து இல்லை என்று எழுதிக்கொள்ளும், அதை மறுபடி ஆன்லைன் கொண்டுவருவது தனி வேலை.

3390 பற்றி ஒன்று. வருடக்கணக்கில் நிற்காமல் சுற்றிய டிஸ்க் ஒரு முறை நின்று குளிர்ந்தால் மறுபடி சுற்றாமல் போகலாம். எல்லா டிஸ்க்கும் ரெடி காட்டும் வரை 9672 பக்கமே போகாதீர்கள். ஒன்று எழவில்லை என்றால் அதற்குரிய டேட்டா என்விஎஸ்-இலேயே மாட்டி நிற்கும், பின்டு டேட்டா என்பார்கள், எழுந்த பிறகு ஐடிகேம்ஸ் என்ற கருவியில் லிஸ்ட்டேட்டா பின்டு போட்டால் தெரியும். அந்த நேரத்தில் யாராவது கேஷை ரீஇனிஷியலைஸ் பண்ணலாம் என்று யோசனை சொன்னால் அவரை டீ குடிக்க அனுப்பிவிடுங்கள்.

3174-க்கு ஃபிளாப்பி எங்கே இருக்கிறது என்று இப்போதே தேடச் சொல்லுங்கள். அது ஒவ்வொரு முறை பவர் வந்ததும் பெரும்பாலும் ஃபிளாப்பியிலிருந்துதான் மைக்ரோகோடு (உள் புரோகிராம்) ஏற்றிக்கொள்ளும்.

ஹெர்குலிஸ்_பிரியன்:

ஒரு யோசனை. டிஸ்க் டேட்டா இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் லேப்டாப்பில் மெயின்ஃப்ரேம் மாதிரி நடிக்கும் ஹெர்குலிஸ் எமுலேட்டரில் எம்விஎஸ் 3.8 ஏற்றி ஐபிஎல் கொடுத்துப் பாருங்கள். ரொம்பப் பழைய வெர்ஷன், ஓஎஸ்/390-க்கும் அதற்கும் தூரம் அதிகம், ஆனால் ஐஇஏ101ஏ மெசேஜ் வந்து சிஸ்டம் பாராமீட்டர் கேட்பது, அதற்கு ஆர் 00 போட்டு பதில் அடிப்பது, ஹாஸ்ப்426 வந்து நிற்பது எல்லாம் அதே சாயல்தான். வேண்டுமென்றே எமுலேட்டரை நடுவில் கொன்றுவிட்டு வார்ம் ஸ்டார்ட் கொடுங்கள், கை நடுக்கம் போய்விடும்.

இது சம்பந்தமில்லாதது, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை: சிஸ்டம்/360 காலத்து முன்பலகையில் எமர்ஜென்சி புல் என்று ஒரு சிவப்புக் குமிழ் இருக்கும், இழுத்தால் மொத்த மின்சாரமும் போகும், இழுத்தபடியே பூட்டிக்கொள்ளும், பராமரிப்பு இன்ஜினியர் வந்தால்தான் திரும்ப உள்ளே தள்ள முடியும். இன்றைய ஆட்களிடம் அப்படி ஒன்றைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

டிபிஏ_கோவை:

டிபி2-வுக்கு என் பங்கு. ஸ்டார்ட் டிபி2 என்று சாதாரணமாகவே கொடுங்கள். அது பிஎஸ்டிஎஸ் (லாக்குகளின் பட்டியல்) படித்து, லாக்கை முதலில் முன்னோக்கி ஓட்டி, பிறகு முடியாத வேலைகளைப் பின்னோக்கி ஓட்டிக் கழிக்கும். அந்த பேட்ச் ஜாப் கமிட் (மாற்றத்தை உறுதி செய்வது) போடாமல் ரொம்ப நேரம் ஓடியிருந்தால் இந்தப் பின்னோக்கிய ஓட்டம் நிறைய நேரம் எடுக்கும், திரையில் ஒன்றுமே நகராத மாதிரி இருக்கும், தொங்கிவிட்டது என்று நினைத்து கேன்சல் செய்தால் அடுத்த முறையும் அந்த வேலை காத்துக்கொண்டுதான் இருக்கும். இப்படிப்பட்ட நேரத்தில்தான் யாராவது கண்டிஷனல் ரீஸ்டார்ட் என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். லாக்கையே விட்டுவிட்டு எழுப்புவது அது. டேட்டா பொருந்தாமல் போகும், அதைச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும், லாக் உண்மையிலேயே படிக்க முடியாமல் போனால் தவிர அந்தப் பக்கம் போகவே கூடாது.

எழுந்ததும் இரண்டு டிஸ்ப்ளே போடுங்கள்: ஒன்று இன்டவுட் திரெட் (கமிட்டா இல்லையா என்று முடிவாகாத வேலை), இன்னொன்று ரெஸ்ட்ரிக்ட் (பயன்படுத்தத் தடையுள்ள) நிலையில் இருக்கும் டேபிள்ஸ்பேஸ் (டேபிள்கள் இருக்கும் இடம்). விஎஸ்ஏஎம் ஃபைலைத் திறக்கும்போது ஐஇசி161ஐ மெசேஜ் கொத்தாக வரும், பயப்பட வேண்டாம். போன முறை ஒழுங்காக மூடவில்லை, இப்போது வெரிஃபை செய்து திறந்துவிட்டேன் என்று அது சொல்கிறது, 056-084 என்று வந்தால் பெரும்பாலும் அதுதான்.

தாம்பரம்_நைட்ஷிப்ட்:

எல்லாருக்கும் நன்றி, நிலவரம் சொல்கிறேன். டிஸ்க் எல்லாம் எழுந்துவிட்டது, ஒன்று மட்டும் ரொம்ப நேரம் அடம் பிடித்து, ஆஃப் செய்து கொஞ்சம் விட்டு ஆன் செய்ததும் வந்தது. சப்போர்ட் எலிமென்ட்டில் தேதி நிஜமாகவே தப்பு, வருடமே வேறு, பார்க்காமல் விட்டிருந்தால் வம்புதான். திருத்தியாயிற்று.

3174 எழவில்லை. ஃபிளாப்பி இருந்தது, ஆனால் படிக்க மாட்டேன் என்கிறது. கன்சோல் இல்லாமல் ஐபிஎல் கொடுத்தால் வெயிட் ஸ்டேட் 007-இல் போய் நிற்கும் என்று ஒரு பழைய குறிப்பில் இருக்கிறது. என்ன செய்வது?

பழைய_ஆபரேட்டர்:

எச்எம்சி-யில் ஆபரேட்டிங் சிஸ்டம் மெசேஜஸ் என்று ஒரு திரை இருக்கிறது, 3174 இல்லாவிட்டால் ஓஎஸ்/390 அதையே கன்சோலாக எடுத்துக்கொள்ளும். ஐபிஎல் கேள்விகளுக்கு அங்கேயே பதில் கொடுக்கலாம். எழுந்த பிறகு வேரி சிஎன், ஸ்டார், ஆக்டிவேட் என்று கட்டளை கொடுத்தால் அது முழுக் கன்சோலாக வேலை செய்யும். மெதுவாக இருக்கும், ஒவ்வொரு வரியாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபிளாப்பியைப் பிறகு பார்க்கலாம்.

தாம்பரம்_நைட்ஷிப்ட்:

எழுந்துவிட்டது. ஜெஸ்2 வார்ம், ஸ்பூல் அப்படியே இருக்கிறது. டிபி2 ரொம்ப நேரம் எடுத்தது, தொடாமல் காத்திருந்தேன். ரெஸ்ட்ரிக்ட் ஒன்றும் இல்லை. ஆனால் இன்டவுட்டில் இரண்டு திரெட் காட்டுகிறது, சிஐசிஎஸ் இன்னும் எழுப்பவில்லை. ரெகவர் இன்டவுட் கட்டளை கொடுத்துக் கழித்துவிடலாமா என்று லீடு கேட்கிறார்.

டிபிஏ_கோவை:

வேண்டாம். அந்த இரண்டுக்கும் கமிட்டா அபார்ட்டா (பின்னுக்கு எடுப்பதா) என்று முடிவு செய்ய வேண்டியது சிஐசிஎஸ், நீங்களோ உங்கள் லீடோ இல்லை. சிஐசிஎஸ்-ஐ ஆட்டோவில் எழுப்புங்கள், அது டிபி2-வோடு இணைந்ததும் இரண்டும் தானாகக் கழியும். இணைந்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே நின்றால் திரெட் ஐடியோடு இங்கே போடுங்கள், அந்த சிஐசிஎஸ் லாக்கில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கையால் முடிவு எடுக்க வேண்டும்.