அப்பாவின் மூங்கில் பரிசலில் தண்ணீர் கசிகிறது. தார் பூசலாமா, ஃபைபருக்கு மாறலாமா?

ஆற்றோரம் (கேள்வி):
வணக்கம். எங்கள் வீடு மேட்டூர் அணை நீர்த்தேக்கத்தின் கரையில், பண்ணவாடி பக்கம். அப்பா போன தை மாதம் தவறிவிட்டார். அவர் கடைசியாக வலை போட்ட பரிசல் வாசலில் கவிழ்ந்து கிடக்கிறது. வயது இரண்டு வருஷம். நான் ஞாயிறுகளில் எடுத்துப் போகிறேன். ஒரு மணி நேரத்தில் அரை வாளித் தண்ணீர் சேருகிறது. விளிம்பை ஒட்டி இரண்டு பிளாச்சு முறிந்திருக்கிறது, மற்ற மூங்கில் எல்லாம் நன்றாகவே இருக்கிறது.

ஃபைபர் பரிசல் வாங்கிவிடு என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை, அப்பாவுடையது என்பதற்காக மட்டும் இல்லை. அணையில் தண்ணீர் வடிந்து பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிகிற நாட்களில், கரையோரம் முழுக்கச் சேறும் பாறையும்தான். முழங்கால் அளவுத் தண்ணீர். நான் ஒருவன் ஏறினால் பரிசல் நான்கு விரல்தான் அமிழும். பாறை தட்டினால் மூங்கில் வளைந்துகொடுத்து வழுக்கிப் போய்விடும். ஃபைபர் அப்படி வளையுமா? அதோடு கோடையில் தண்ணீர் விளிம்பு நாளுக்கு நாள் தள்ளிப் போகும். வீட்டிலிருந்து அதுவரை நான் ஒருவனே தலையில் சுமக்க வேண்டும்.

மூங்கில்கை:
தம்பி, நான் ஒகேனக்கல் பக்கம் பரிசல் பின்னுகிறவன். மூங்கில் உறுதியாக இருந்தால் தூக்கிப் போடாதே. உச்சி வெயிலில் பரிசலைக் கவிழ்த்துவிட்டு நீ உள்ளே புகுந்து பார். ஓட்டை உள்ள இடத்தில் ஊசிமுனை மாதிரி வெளிச்சம் தெரியும், அங்கே சுண்ணாம்பால் புள்ளி வை. முறிந்த பிளாச்சை உருவிவிட்டுப் பச்சை மூங்கிலைக் கீறிச் செருகு. காய்ந்த மூங்கில் வளைக்கும்போதே ஒடியும்.

வெடித்த பழைய தாரைச் சுரண்டாமல் மேலே பூசினால் புதுத் தார் பிடிக்காது. இரண்டு நாள் காயவிட்டு, ஓட்டை மேல் பிளாஸ்டிக் சாக்குத் துண்டு வைத்துத் தார் பூசு. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் சாக்கு சுருங்கிவிடும், இளகி ஓடுகிற பதம் போதும். என் தாத்தா காலத்தில் எருமைத் தோல்தான். அப்புறம், வாசலில் போடாதே, நிழலில் வை. வெயில்தான் தாரை வெடிக்க வைக்கும்.

டெய்விக்கரை:
நான் இருப்பது பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், டெய்வி ஆற்றுக்குப் பக்கத்தில். இங்கேயும் பரிசல் உண்டு, கூருகுல் என்பார்கள். ஒரு ஆளுக்கு ஒன்று. மரச் சிம்பால் கூடு, மேலே துணி, துணி மேல் தார். இரண்டு பேர் இரண்டு பரிசலில் நடுவே வலையைப் பிடித்தபடி ஆற்றோடு மிதந்து வருவார்கள். முடிந்ததும் வாரை மார்பில் மாட்டி, பரிசலை ஆமை ஓடு மாதிரி முதுகில் சுமந்து மேலே நடப்பார்கள். ‘ஒருவன் சுமை அவன் பரிசல்’ என்றே இங்கே ஒரு பழமொழி இருக்கிறது. நீங்கள் எடையைப் பற்றி எழுதியதும் அதுதான் நினைவுக்கு வந்தது. ஃபைபர் இங்கேயும் வந்துவிட்டது, ஆனால் துணியும் தாரும் போகவில்லை.

கடலோடி:
வியட்நாமில் ஹோய் ஆன் பக்கம் கடலிலேயே வட்டப் பரிசல் விடுகிறார்கள். மூங்கில் பின்னலில் மாட்டுச் சாணம் பூசி, மேலே மரப்பிசின் எண்ணெய். தாரே கிடையாது.

ஆற்றோரம்:
எல்லோருக்கும் நன்றி. மூங்கில்கை அண்ணா, உள்ளே புகுந்து பார்த்தேன், ஏழு புள்ளி. ஐந்து அடிப்பக்கத்தில் அங்கங்கே, மற்ற இரண்டு அப்பா குந்தி உட்காரும் இடத்துக்கு நேர் கீழே. சாக்கு வைத்துத் தார் பூசியாகிவிட்டது. நேற்று விடிகாலை இரண்டு மணி நேரம் வலையோடு இருந்தேன். உள்ளே ஒரு கை அள்ளும் அளவுகூடத் தண்ணீர் இல்லை. இப்போது வேப்பமர நிழலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.