மெத்தோட்ரெக்சேட்: வாரம் ஒரு நாள் மாத்திரை

மதுரைக்காரி:
அம்மாவுக்கு முடக்குவாதம். 10 மி.கி., வாரம் ஒரு தடவைன்னுதான் டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். மருந்துக்கடையில் கவர் மேல் 1-0-0, அதாவது தினமும் காலையில் ஒண்ணு என்று போட்டுக் கொடுத்துட்டாங்க. அம்மா கவரைப் பார்த்து ஆறு நாள் விடாமல் போட்டிருக்காங்க. ஏழாம் நாள் ரசம் சாதத்தை வாயில் வெச்சதும் தட்டிலேயே துப்பிட்டாங்க. சோத்தில் ரத்தம். "காரம் ஜாஸ்தி போட்டுட்டியாடி?"ன்னு கேட்டாங்க. உள் உதடெல்லாம் புண். நானும் சூட்டுப்புண்ணுன்னு நினைச்சு ரெண்டு நாள் மோரும் கஞ்சியும் கொடுத்துட்டு இருந்தேன். அந்த ரெண்டு நாள்தான் இன்னும் உறுத்துது. ரத்தத்தில் வெள்ளணு 900க்கு இறங்கியிருந்துச்சு. இந்த மருந்தோட விஷத்தை முறிக்கிற லியூகோவோரின் ஊசி போட்டு, பதினோரு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தோம்.

குட்டிப்பையன் அப்பா:
என் பையனுக்கு ஏ.எல்.எல்.ங்கிற ரத்தப் புற்றுநோய், 5 வயசு. இதே மருந்து, ஆனா கிராம் கணக்கில், 24 மணி நேரம் மஞ்சளா ட்ரிப்ஸில் ஏறும். சிறுநீரில் அமிலம் கூடினா மருந்து கிட்னியில் படிஞ்சிடும். அதனால ஒவ்வொரு தடவை சிறுநீர் போகும்போதும் நிறம் மாறுற சோதனைப் பட்டையை அதில் நனைச்சுப் பார்க்கணும், அமில அளவைக் காட்டுற பி.எச். 7க்குக் கீழே போகக்கூடாது, பச்சை வந்தா சரி. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பினா, கண்ணைத் திறக்காமலே, "பச்சை வந்துச்சாப்பா?"ன்னு கேட்பான்.

தென்காசி ராஜா:
கேன்சர் மருந்தை மூட்டுவலிக்கு எழுதின டாக்டரைத்தான் கேட்கணும்.

விஜி அக்கா:
ராஜா தம்பி, அப்படிச் சொல்லாதீங்க, படிச்சுட்டு யாராவது பாதியில் நிறுத்திடுவாங்க. முடக்குவாதத்துக்கு முதலில் எழுதுறதே இதைத்தான். ஒன்பது வருஷமா போடுறேன். மறுநாள் குமட்டும், முடி கொஞ்சம் கொட்டுச்சு, ஆனா மடங்கின விரல் நிமிர்ந்து திரும்பக் கோலம் போடுறேன். தங்கச்சி, அம்மாவுக்குத் திரும்ப ஆரம்பிச்சா கிழமையைக் கவர் மேல் பெரிசா எழுதச் சொல்லுங்க. எனக்கு வெள்ளிக்கிழமை, விளக்கேத்திட்டுப் போடுறதால மறக்காது. ஃபோலிக் ஆசிட் வைட்டமின் மாத்திரை வேற நாளில். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீங்க, வெள்ளணு, ஈரல், கிட்னி மூணும் பார்க்கணும். சளி, சிறுநீர்த் தொற்றுன்னு வேற டாக்டர்கிட்ட போனா இந்த மாத்திரை பேரை முதலில் சொல்லுங்க. கோ-ட்ரைமாக்சசோல்ங்கிற ஆன்டிபயாடிக் சேர்ந்தா ரத்த அணு ஒரேயடியா இறங்கிடும். கர்ப்பமா இருக்கறவங்க, குழந்தைக்கு முயற்சி பண்றவங்க இதைத் தொடவே கூடாது. வாயில் சின்னப் புண் வந்தாலும் அன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்க.

மதுரைக்காரி:
திரும்ப ஆரம்பிக்கலை அக்கா, வேற மருந்து. பழைய கவரை மட்டும் இன்னும் தூக்கிப் போடலை.