ஸ்டீம்பாய்: எட்டு வயது மகளுக்குக் காட்டலாமா?

சனிக்கிழமை இரவு குடும்பத்தோடு 'ஸ்டீம்பாய்' பார்ப்பதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது பின்வாங்கவும் முடியவில்லை, துணிந்து போடவும் மனம் வரவில்லை. மகனுக்கு 12 வயது, மகளுக்கு 8.

கட்சுஹிரோ ஓடோமோ இயக்கி 2004இல் வந்த ஜப்பானிய அனிமேஷன் படம் இது. கதை 1866இல் மான்செஸ்டரிலும் லண்டனிலும் நடக்கிறது. (படத்தில் வரும் லண்டனின் புகழ்பெற்ற பெருங்கண்காட்சி உண்மையில் 1851இல் நடந்தது, கற்பனைக் கதை, மன்னித்துவிடலாம்.) அமெரிக்காவில் பிஜி-13 சான்று, அதாவது சில காட்சிகள் 13 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம் என்று பெற்றோரை எச்சரிப்பது.

முதல் அரை மணி நேரத்தை நான் மட்டும் பார்த்தேன். சிறுவன் ரே ஒற்றைச் சக்கர வண்டியில் தப்பி ஓடும் காட்சிக்கு மகன் துள்ளிக் குதிப்பான். ஆனால் தொடக்கத்திலேயே வரும் ஆய்வுக்கூட விபத்து என்னையே உலுக்கிவிட்டது. விமர்சனங்களைத் தேடிப் படித்தேன். ஓவியங்களை எல்லோரும் புகழ்கிறார்கள். பிற்பாதி ஓயாத இடிபாடு என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். குழந்தைகள் பயந்தார்களா என்று ஒருவரும் எழுதவில்லை. "ஒன்றும் ஆகாது, போடு" என்றார் நண்பர். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

ஜப்பானிய மூலம் 126 நிமிடம். ஆங்கில டப்பிங்கில் சுமார் 20 நிமிடம் குறைத்த வடிவமும் உண்டு. மகளால் வசன வரிகளை அவ்வளவு வேகமாகப் படிக்க முடியாது, அதனால் ஆங்கிலம்தான் வசதி.

இரண்டையும் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: குறைத்த வடிவத்தில் அந்த விபத்துக் காட்சியும் கடைசிச் சண்டைகளும் தணிந்திருக்கின்றனவா?